சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டே நல்ல தமிழ்ச் சிறுகதை தேடிப் படிக்கிறது எப்படி

ஓ லெவல் பரீட்சையோட தமிழ்ப் புத்தகத்தை மூடி வச்சவங்க, ஊர்லேருந்து வேலைக்கு வந்து நாலஞ்சு வருஷமா ஃபோனைத் தவிர எதையும் படிக்காதவங்க, பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கணும்னு தாங்களும் திரும்ப ஆரம்பிக்கிற அம்மா அப்பா, இவங்க எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான். படிக்க ஆசையா இருக்கு, எதைப் படிக்கிறது, இங்க எங்க கிடைக்கும்? அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். படிப்படியா சொல்றேன், நடுவுல ஒண்ணு ரெண்டைத் தாண்டிப் போனாலும் பரவாயில்ல, ஆனா முதல் படியை மட்டும் தாண்டிடாதீங்க.

புதுசா ஆரம்பிக்கிறவங்க நாவலை எடுக்காம சிறுகதையை எடுக்கிறதுதான் நல்லதுன்னு நான் உறுதியா நம்புறேன். ஈசூன்ல ஏறி ராபிள்ஸ் பிளேஸ்ல இறங்குறதுக்குள்ள ஒரு கதை முடிஞ்சிடும், பிடிக்கலையா, போனது அரை மணி நேரம், அடுத்த கதைக்குப் போயிடலாம். பெரிய நாவலை ஆர்வத்துல வாங்கிட்டு எண்பதாவது பக்கத்துல சிக்கி, அதை முடிக்காம வேற எடுக்கக் கூடாதுன்னு வச்சிருந்து, கடைசியில படிக்கிற பழக்கமே விட்டுப் போனவங்க எனக்குத் தெரிஞ்சு நெறைய பேர் இருக்காங்க.

இன்னொரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். 'சிறந்த சிறுகதைகள்'னு கூகிள்ல போட்டா வந்து கொட்டும், வாட்ஸ்அப்ல தினம் ஒரு கதை ஃபார்வர்ட் ஆகி வரும், கடைசி வரியில ஒரு நீதி இருக்கும், எழுதினவர் பேர் மட்டும் இருக்காது. பேர் இல்லாத கதைக்கு உங்க நேரத்தைக் கொடுக்காதீங்க. ஒரு கதை மனசுல நின்னுச்சுன்னா அடுத்து அதே கைல எழுதின இன்னொரு கதைக்குப் போகணும், பேர் தெரியலன்னா வழி அங்கயே அடைஞ்சு போயிடும். கதை வழியா ஆளைப் பிடிங்க, ஆள் வழியா அடுத்த பத்துக் கதையைப் பிடிங்க, மொத்த வித்தையும் இவ்வளவுதான், மத்ததெல்லாம் இதை சிங்கப்பூர்ல எப்படிச் செய்யறதுங்கிற விவரம்.

முதல் படி: நாலு கதை, நாலு பேர்

ஒரே ஆளோட பெரிய தொகுப்புல குதிக்காதீங்க. முதல்ல நாலு வேற வேற ஆளோட ஒவ்வொரு கதை படிங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள் விட்டு விட்டு. நான் யாருக்குச் சொன்னாலும் சொல்ற நாலு இது (எங்க கிடைக்கும்னு அஞ்சாவது படியில இருக்கு): தி. ஜானகிராமனோட 'சிலிர்ப்பு', கு. அழகிரிசாமியோட 'ராஜா வந்திருக்கிறார்', புதுமைப்பித்தனோட 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்', அசோகமித்திரனோட 'புலிக்கலைஞன்'.

ஏன் இந்த நாலு? நாலும் நாலு திசை. 'சிலிர்ப்பு' ரயில்ல நடக்குது, ஒரு அப்பா, அவரோட சின்னப் பையன், அவன் கையில ஒரு ஆரஞ்சு, எதிர் சீட்ல வீட்டு வேலைக்காக கல்கத்தா வரைக்கும் அனுப்பப்படுற ஒரு சின்னப் பொண்ணு. சொல்லப்போனா நடக்கிறது அவ்வளவுதான். ஆனா அந்த ஆரஞ்சை கவனிச்சுக்கிட்டே வாங்க, பையன் அதை எப்ப உரிக்கப் போறான், ஏன் உரிக்காம வச்சிருக்கான், அந்தப் பொண்ணு என்ன பதில் சொல்றா, எந்தக் கேள்விக்குச் சிரிக்கிறா. எழுத்தாளர் எங்கயும் வந்து 'பாவம் இந்தப் பொண்ணு'ன்னு நம்மகிட்ட சொல்ல மாட்டார், அவ சொல்ற சாதாரணப் பதிலே நம்ம தொண்டையைப் பிடிக்கும். வீட்டு வேலைக்கு வேற நாட்டுலேருந்து பெண்கள் வந்து தங்கியிருக்கிற நம்ம புளோக்கு வீடுகள்ல உக்காந்து இந்தக் கதையைப் படிக்கிறப்ப அது பழைய தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதையா தெரியாது. நான் இதைப் படிக்கச் சொன்னவங்கள்ல பாதிப் பேர் கதையைப் பத்திப் பேச ஆரம்பிச்சு அவங்க வீட்டுல வேலை பாக்கிற அக்காவைப் பத்தித்தான் பேசி முடிச்சாங்க.

'ராஜா வந்திருக்கிறார்' தீபாவளிக் கதை. இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைங்களுக்கும் வசதியான வீட்டுப் பையனுக்கும் 'உங்க வீட்டுல இது இருக்கா'ன்னு நடக்கிற போட்டி, அந்த ஏழை வீட்டு வாசல்ல தீபாவளிக்கு முன்னால வந்து நிக்கிற ஒரு அநாதைப் பையன், அவன் பேரு ராஜா. முடிவை நான் சொல்லப் போறதில்ல. புதுமைப்பித்தன் கதையில கடவுள் மெட்ராஸ் ரோட்டுல, காசைக் கணக்குப் பார்த்துச் செலவு பண்ற ஒரு பிள்ளைவாள் முன்னாடி வந்து நிக்கிறார், ரெண்டு பேரும் ஓட்டலுக்குக் காப்பி குடிக்கப் போறாங்க. சத்தம் போட்டுச் சிரிப்பீங்க, சிரிச்சு முடிச்சதும் வேற ஒண்ணு உறைக்கும். 'புலிக்கலைஞன்'ல ஒரு சினிமா கம்பெனிக்கு வாய்ப்புக் கேட்டு ஒருத்தர் வர்றார், புலி வேஷம் கட்டி ஆடிக் காட்டுறார். அந்த ஆட்டத்தை அசோகமித்திரன் எழுதியிருக்கிற விதத்தைப் பாருங்க, வர்ணனைன்னு ஒரு அலங்காரமும் இல்லாம, நம்மளே அந்த ரூம்ல பின்னால தள்ளி நிக்கிற மாதிரி இருக்கும்.

நாலும் படிச்ச பிறகு ஒரு சின்ன வேலை செய்யுங்க. ஃபோன் நோட்ஸ்ல ஒவ்வொரு கதைக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்க, கதைச் சுருக்கம் வேணாம், எந்த இடம் மனசுல நின்னுச்சு, அது மட்டும். 'ஆரஞ்சு', 'எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுற இடம்' இப்படி. ரெண்டு நாள் கழிச்சு அதைப் பாத்தா நாலுல எந்த ஆள் உங்க ஆள்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். அவரோட தொகுப்பைத்தான் அடுத்து தேடணும்.

ரெண்டாவது படி: மத்தவங்க பொறுக்கி வச்சதை எடுத்துக்குங்க

தெரியாத ஹாக்கர் சென்டருக்குப் போனா நாம என்ன செய்வோம், அந்தப் பேட்டை ஆளுங்க எந்தக் கடையில வரிசை கட்டி நிக்கிறாங்கன்னு பாத்து அங்க போய் நிப்போம். கதைக்கும் அதேதான். தமிழ்ல ஆயிரக்கணக்கான கதையைப் படிச்சுப் பொறுக்கி எடுத்து வச்சவங்க இருக்காங்க, அவங்க உழைப்பு நமக்குச் சும்மா கிடைக்குது.

எஸ். ராமகிருஷ்ணன் தொகுத்த 'நூறு சிறந்த சிறுகதைகள்' ரெண்டு பாகமா வந்திருக்கு, டிஸ்கவரி புக் பேலஸ் போட்டது. அதை வரிசையா படிக்கணும்னு இல்ல, உள்ளடக்கத்துல கண்ணை ஓட்டி எந்தத் தலைப்பு இழுக்குதோ அதுல போங்க. சென்னையில இலக்கியச் சிந்தனைன்னு ஒரு அமைப்பு, 1970லேருந்து மாசா மாசம் பத்திரிகையில வந்த கதைகள்லேருந்து ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, வருஷக் கடைசியில பன்னெண்டையும் ஒரு புத்தகமாப் போட்டுட்டு வந்தாங்க. அந்தப் புத்தகங்கள் ஒல்லியா இருக்கும், நூலகத்துல யாரும் தொடாம இருக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்ச வகை அது, ஏன்னா பெரிய பேர்களுக்கு நடுவுல நீங்க கேள்வியே படாத ஒருத்தர் ஒரு அபாரமான கதையோட இருப்பார்.

விருதுப் பட்டியலும் உதவும், ஆனா சிறுகதைக்குக் கிடைச்சதை மட்டும் பிரிச்சுப் பாக்கணும். சாகித்ய அகாடமி விருது நாவலுக்கும் கட்டுரைக்கும் நெறைய போயிருக்கு, சிறுகதைத் தொகுப்புக்குக் கிடைச்சது குறைவு. அழகிரிசாமியோட 'அன்பளிப்பு' 1970, ஜானகிராமனோட 'சக்தி வைத்தியம்' 1979, அசோகமித்திரனோட 'அப்பாவின் சிநேகிதர்' 1996, நாஞ்சில் நாடனோட 'சூடிய பூ சூடற்க' 2010, வண்ணதாசனோட 'ஒரு சிறு இசை' 2016, அம்பையோட 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' 2021. இதுல எதை எடுத்தாலும் ஏமாற மாட்டீங்க. பெண்களோட கதைன்னு தேடுறவங்க அம்பையில ஆரம்பிங்க, கொஞ்சம் நிதானமாப் படிக்கணும், படிச்சா விட மாட்டீங்க.

மூணாவது படி: நூலகம்

சிங்கப்பூர்ல இருக்கிறவங்களுக்குக் கிடைச்ச பெரிய வரம் இதுதான், நம்மள்ல பாதிப் பேர் இதை எடுத்துக்கிறதே இல்லைங்கிறது எனக்கு உண்மையிலயே வருத்தம். சிட்டிசன், பிஆர் எல்லாருக்கும் மெம்பர்ஷிப் இலவசம், வேலை பாஸ்ல இருக்கிறவங்களுக்கு வருஷக் கட்டணம் உண்டு, ஒரு வருஷத்துல நீங்க எடுத்துப் படிக்கிற புத்தகத்தோட விலையைக் கூட்டிப் பாத்தா அது ஒண்ணுமே இல்ல. புத்தகத்தை 21 நாள் வச்சிருக்கலாம், வேற யாரும் கேட்டு வைக்கலன்னா தேசிய நூலக வாரியத்தோட (என்எல்பி) ஆப்லயே நீட்டிச்சுக்கலாம்.

தமிழ் அடுக்கு எல்லாக் கிளையிலயும் ஒரே மாதிரி இருக்காது. அங் மோ கியோ, ஜூரோங், உட்லண்ட்ஸ் மாதிரி இடங்கள்ல நிதானமா நின்னு பாக்கிற அளவுக்கு இருக்கும். வீட்டுப் பக்கத்துக் கிளையில அலமாரி சின்னதா இருந்தா அதைப் பாத்துட்டு தமிழ்ல புத்தகமே இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, ஆப்ல தேடி வேற கிளையில இருக்கிறதை உங்க கிளைக்கு வரவழைக்கலாம்.

இப்ப முக்கியமான விஷயம், தேடுற விதம். நெறைய பேர் மாட்டிக்கிற இடம் இது. கேட்டலாக்ல தமிழ் எழுத்துல அடிச்சுத் தேடிப் பாருங்க, கிடைக்கலைன்னா ஆங்கில எழுத்துல தேடுங்க, ஆனா நம்ம வாட்ஸ்அப்ல தங்கிலீஷ் அடிக்கிற மாதிரி அடிச்சா வராது. நூலகக்காரங்க தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்துல எழுதுறதுக்கு ஒரு தனி முறை வச்சிருக்காங்க. சத்தத்தை வச்சு எழுத மாட்டாங்க, தமிழ் எழுத்தை வச்சு எழுதுவாங்க. ச வந்தா எஸ் கிடையாது, சி எழுத்து. க எங்க வந்தாலும் கே தான், ஜி கிடையாது. த வந்தா டி மட்டும், கூட எச் வராது. அதனால சிறுகதைகள்ங்கிறதை சி, ஐ, ஆர், யு, கே, ஏ, டி, ஏ, ஐ, கே, ஏ, எல்னு அடிக்கணும். சிங்கப்பூர்ங்கிறதும் அங்க சி எழுத்துலதான் ஆரம்பிக்கும், கேயும் ரெண்டு பியும் வரும். பாக்க வினோதமா இருக்கும், ஒரு தடவை பழகிட்டீங்கன்னா அலமாரியில கண்ணுல படாத புத்தகமெல்லாம் ஸ்க்ரீன்ல வரிசையா வந்து நிக்கும். எழுத்தாளர் பேரையும் இதே முறையில அடிங்க, ஒரே ஆளோட பத்துத் தொகுப்பு எந்தெந்தக் கிளையில இருக்குன்னு தெரிஞ்சிடும்.

அலமாரி முன்னால நிக்கிறப்ப அட்டைப்படத்தைப் பாத்து எடுக்காதீங்க, தமிழ்ப் புத்தக அட்டைங்க பல நேரம் உள்ள இருக்கிறதுக்கு நியாயம் செய்யாது. உள்ளடக்கப் பக்கம், முன்னுரையில முதல் பத்தி, நடுவுல ஏதாச்சும் ஒரு கதையோட முதல் பக்கம், இந்த மூணையும் நின்ன இடத்துலயே படிங்க. முதல் பக்கத்துல ஒரு ஆள், ஒரு இடம், ஒரு சின்னச் சங்கடம் வந்திருந்தா நம்பி எடுக்கலாம். முதல் பக்கம் முழுக்க நிலாவும் மேகமும் வாழ்க்கையைப் பத்தின தத்துவமுமா இருந்தா நான் வச்சிட்டுப் போயிடுவேன், அது என்னோட ருசி, உங்களுக்கு வேற மாதிரி இருக்கலாம்.

விக்டோரியா ஸ்ட்ரீட்ல இருக்கிற தேசிய நூலகத்துல, பூகிஸ் எம்ஆர்டிலேருந்து நடக்கிற தூரம், மேல் மாடிகள்ல லீ கொங் சியான் மேற்கோள் நூலகம் இருக்கு. அங்க இருக்கிறதை வீட்டுக்குக் கொண்டு போக முடியாது, ஆனா வெளிய எங்கயும் கிடைக்காத பழைய தொகுப்புகளை எடுத்து உக்காந்து படிக்கலாம். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு இதை விட நல்ல இடம் எனக்குத் தெரியல.

நாலாவது படி: நம்ம ஊர்க் கதைகளைத் தள்ளி வைக்காதீங்க

தமிழ்நாட்டுக் கதைகளை மட்டுமே படிச்சுட்டு சிங்கப்பூர்க் கதைகளைத் திரும்பிக்கூடப் பாக்காத வாசகர்கள் இங்கயே இருக்காங்க. எனக்கு இது ஒப்பாத விஷயம். நீங்க தினமும் நடக்கிற தெரு, உங்க தாத்தா வேலை பாத்த இடம், உங்க பாட்டி காலத்துல கம்பத்தை, அதாவது அந்தக் காலத்துக் கிராமத்தைக் காலி பண்ணிட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தது, இதெல்லாம் தமிழ்ல கதையா எழுதப்பட்டிருக்கு, அதைப் படிக்க நமக்குத்தான் முதல் உரிமை.

இதுக்கு நீளமான வரலாறு இருக்கு. சிங்கை நேசன் பத்திரிகையை நடத்தின சி.கு. மகுதூம் சாயபு 1888ல எழுதின 'விநோத சம்பாஷணை'யை சிங்கப்பூரோட முதல் தமிழ்ச் சிறுகதைன்னு ஆய்வாளர் நா. கோவிந்தசாமி எடுத்துக் காட்டினார். இவர் கணினியில தமிழ் வர்றதுக்கு உழைச்ச அதே கோவிந்தசாமிதான், நல்ல சிறுகதையாசிரியரும்கூட. 1935ல கோ. சாரங்கபாணி தமிழ் முரசை ஆரம்பிச்ச பிறகு கதை எழுதுறவங்களுக்கு ஒரு நிலையான மேடை கிடைச்சுது. 1950கள்ல மலாயாவுல தமிழ் நேசன் பத்திரிகை கதை வகுப்பு நடத்தினாங்க, தமிழ் முரசுல ரசனை வகுப்புன்னே ஒண்ணு நடந்துச்சு, அதாவது ஒரு கதையை எப்படி ரசிக்கிறதுன்னு பத்திரிகையிலயே பாடம். மேல சொன்ன கு. அழகிரிசாமி அந்தப் பத்து வருஷத்துல சில காலம் கோலாலம்பூர்ல தமிழ் நேசன்ல வேலை பாத்தவர், இந்தப் பக்கத்து எழுத்தாளர்கள் பல பேருக்கு அவர் கைகாட்டின வழிதான்.

எங்க ஆரம்பிக்கிறது? மூணு பேர் சொல்றேன். இராம கண்ணபிரானோட 'இருபத்தைந்து ஆண்டுகள்' 1980ல வந்தது, மாறிட்டு இருந்த சிங்கப்பூரைக் கிட்டத்துலேருந்து பாக்கலாம். புதுமைதாசன்ங்கிற பேர்ல எழுதின பி. கிருஷ்ணனோட 'புதுமைதாசன் கதைகள்', இவருக்கு 2008ல கலாசாரப் பதக்கம் கிடைச்சுது. இப்ப எழுதுறவங்கள்ல லதாவோட 'நான் கொலை செய்யும் பெண்கள்', 2008ல சிங்கப்பூர் இலக்கியப் பரிசு வாங்கின தொகுப்பு. மூணையும் அடுத்தடுத்துப் படிச்சா ஒரே ஊரு மூணு காலத்துல எப்படி இருந்துச்சுன்னு தெரியும், அதுலயும் லதாவோட கதைகளைப் படிக்கிறப்ப கொஞ்சம் பொறுமை வேணும், கதையை முடிச்சுட்டு திரும்ப முதல் பக்கத்துக்குப் போக வைக்கிற எழுத்து. பிறகு மா. இளங்கண்ணன், நா. கோவிந்தசாமி, இன்னும் இளைய ஆளுங்கள்ல சித்துராஜ் பொன்ராஜ், அழகுநிலான்னு நூல் பிடிச்சுப் போகலாம்.

இவங்க புத்தகம் கடையில கிடைக்கலையேன்னு கவலைப்பட வேணாம். 2015ல, நாட்டோட 50ஆவது வருஷத்தை ஒட்டி, அருண் மகிழ்நன் தலைமையில தன்னார்வலர்கள் சேர்ந்து, சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் கிட்டத்தட்ட 350ஐ ஸ்கேன் பண்ணி தேசிய நூலகத்தோட சேர்ந்து இணையத்துல ஏத்தினாங்க. என்எல்பியோட இணையதளத்துல போய்ப் பாருங்க, அட்டையிலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் அப்படியே இருக்கு. ஃபோன்ல எழுத்து சின்னதாத் தெரியும், டேப்லட்லயோ லேப்டாப்லயோ படிக்கிறது கண்ணுக்கு நல்லது.

இன்னும் ஆழமாப் போக ஆசை இருந்தா, என்எல்பியோட பழைய பத்திரிகைத் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜில பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கு. அங்க சொல்லைப் போட்டுத் தேடுறதை விட தேதியை வச்சுப் போறது சுலபம், ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்து பொங்கல், தீபாவளி சமயத்து இதழ்களைப் பிரிச்சுப் பாருங்க, பண்டிகை நாள்னா கதை இருக்க வாய்ப்பு அதிகம். கதைக்குப் பக்கத்துலயே அந்தக் காலத்து ஜவுளிக்கடை விளம்பரம், சினிமா விளம்பரம் எல்லாம் இருக்கும், அதோட சேத்துப் படிக்கிற சுகமே தனி.

தங்கமுனை விருதையும் கவனிச்சு வைங்க. தேசியக் கலைகள் மன்றம் 1993லேருந்து நாலு மொழியிலயும் நடத்துற போட்டி, சிறுகதைக்கும் கவிதைக்கும் உண்டு. அதுல ஜெயிச்ச பேர்களைப் பாத்து வச்சுக்கிட்டா அடுத்த சில வருஷத்துல யாரோட புத்தகம் வரப் போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்.

அஞ்சாவது படி: இணையத்துல எங்க போறது

இதைச் சுருக்கமா சொல்லிடறேன். முதல் படியில சொன்ன கதைகளும் அந்தத் தலைமுறையோட மத்த கதைகளும் அழியாச் சுடர்கள் தளத்துல பெரும்பாலும் கிடைக்கும், தேர்ந்தெடுத்துப் போட்டவங்க நல்ல வாசகர்கள்ங்கிறது பாத்தாலே தெரியும். நாட்டுடைமை ஆக்கப்பட்ட பழைய எழுத்து நெறைய மதுரைத் திட்டம்ங்கிற மின்நூல் தளத்துல இருக்கு, 1998 பொங்கல் அன்னிக்குத் தன்னார்வலர்கள் ஆரம்பிச்சது, புதுமைப்பித்தனை அங்கயே இறக்கிக்கலாம். இலங்கை எழுத்துக்கு நூலகம்ங்கிற பேர்லயே ஒரு பெரிய மின்நூலகம் இருக்கு. புதுசா என்ன எழுதுறாங்கன்னு பாக்க மலேசியாவுலேருந்து வர்ற வல்லினம், அறிபுனைக் கதைன்னா, அதாவது அறிவியல் கற்பனைக் கதைன்னா அரூ இதழ், இங்கயே அச்சாகிற சிராங்கூன் டைம்ஸ். சிறுகதைகள் டாட் காம் பெரிய கடல், ஆயிரக்கணக்குல கொட்டிக் கிடக்கு, எழுத்தாளர் பேரைத் தெரிஞ்சுக்கிட்டு உள்ள போனா முத்து எடுக்கலாம், சும்மா போனா களைச்சுப் போயிடுவீங்க.

கண்ணுக்கு ஓய்வு வேணும்னா பவா செல்லதுரை யூடியூப்ல கதை சொல்றதைக் கேளுங்க. பாத்திரம் தேய்க்கிறப்பவும் துணி மடிக்கிறப்பவும் கேக்கலாம். ஆனா அவர் தன்னோட வார்த்தையில சொல்றார், அதனால கேட்டு முடிச்ச கையோட மூலக்கதையைத் தேடிப் படிச்சிடுங்க. அவர் சொன்னதுல இல்லாத ஒரு வரி கதையில உக்காந்திருக்கும், பல நேரம் கதையே அந்த வரியிலதான் இருக்கும்.

படிக்கிறப்ப தடுக்குற இடங்கள்

பழைய கதைகள்ல அணா, ரேழி, திண்ணைன்னு சொற்கள் வரும், ஜானகிராமன்ல தஞ்சாவூர் பிராமணப் பேச்சு, கி. ராஜநாராயணன்ல கரிசல் காட்டுப் பேச்சு, புதுமைப்பித்தன்ல திருநெல்வேலி. இங்க பள்ளிக்கூடத்துல எழுத்துத் தமிழை மட்டும் படிச்சவங்களுக்கு முதல் ரெண்டு பக்கம் தடுக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் தேடாதீங்க. தெரியாத சொல்லைத் தாண்டிப் போங்க, அதே சொல்லு மூணாவது தடவை வந்தா அப்பப் பாத்துக்கலாம், பெரும்பாலும் அதுக்குள்ள அர்த்தம் தானாப் புரிஞ்சிருக்கும். பேச்சுத் தமிழ்ல இருக்கிற வரிகளை வாய்விட்டுப் படிங்க, கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும், கி.ரா.வுக்கு இது ரொம்பவே பொருந்தும்.

தொகுப்பை முதல் கதையிலேருந்து கடைசிக் கதை வரைக்கும் ஒரே மூச்சுல படிக்காதீங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். ஒரே ஆளோட அஞ்சு கதையை அடுத்தடுத்துப் படிச்சா அஞ்சாவது கதைக்கு உரிய மரியாதை கிடைக்காது. ஒரு கதை ரெண்டு மூணு பக்கத்துக்குள்ள உங்களை உள்ள இழுக்கலன்னா விட்டுட்டுப் போங்க, பெரிய பேரா இருந்தாலும் சரி. மௌனியையும் லா.ச.ராவையும் ஆரம்பத்துலயே எடுத்து, ஒண்ணும் புரியலன்னு தமிழ்க் கதையே வேணாம்னு போனவங்க உண்டு. அவங்க ரெண்டு பேரும் பெரிய கலைஞர்கள், ஆனா ஒரு முப்பது நாப்பது கதை படிச்ச பிறகு அவங்ககிட்ட போனா கிடைக்கிறது வேற.

ஆறாவது படி: கூடப் படிக்கிற ஆளைப் பிடிங்க

நல்ல கதை பெரும்பாலும் இன்னொரு வாசகர் வாய் வழியாத்தான் வரும். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம், 1976ல தொடங்கினது, கதைக்களம்னு மாதாந்திர நிகழ்ச்சி நடத்துறாங்க, அங்க கதை எழுதுறவங்களும் படிக்கிறவங்களும் வந்து பேசுவாங்க. அங் மோ கியோ நூலகத்துல பல வருஷமா நடந்த வாசகர் வட்டம் எத்தனையோ பேரைப் படிக்க வச்சிருக்கு. ஏப்ரல்ல தமிழ்மொழி விழா, வருஷக் கடைசியில சிங்கப்பூர் எழுத்தாளர் விழா, ரெண்டுலயும் தமிழ் நிகழ்ச்சிகள் இருக்கும், பல நிகழ்ச்சிகளுக்குக் கட்டணமே கிடையாது, தேதியும் இடமும் வருஷா வருஷம் மாறும், அதனால தமிழ் முரசுல அறிவிப்பு வர்றதைப் பாத்துக்கிட்டே இருங்க.

முதல் தடவை போறப்ப பேச வேண்டிய கட்டாயம் எதுவும் இல்ல, பின்வரிசையில உக்காந்து கேட்டாலே போதும். நிகழ்ச்சி முடிஞ்சு டீ குடிக்கிற நேரத்துல வயசுல மூத்தவர் யாராச்சும் ஒருத்தர்கிட்ட போய், 'ஐயா, நான் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன், சிலிர்ப்பு படிச்சேன், பிடிச்சிருந்துச்சு, அடுத்து என்ன படிக்கலாம்'னு கேளுங்க. 'நல்ல கதை சொல்லுங்க'ன்னு மொட்டையாக் கேட்டா அவர் யோசிச்சு நிப்பார். பிடிச்ச கதையோட பேரைச் சொல்லிக் கேட்டீங்கன்னா உடனே மூணு பேரைச் சொல்வார், அதுல ஒண்ணு நீங்க கேள்வியே பட்டிருக்க மாட்டீங்க. மூணையும் அங்கயே ஃபோன்ல குறிச்சுக்குங்க, இனிஷியலோட சேத்து, ஏன்னா கேட்டலாக்ல தேடுறப்ப இனிஷியல் இல்லன்னா ஒரே பேர்ல நாலு பேர் வந்து நிப்பாங்க.

கூட்டத்துக்குப் போக நேரமில்லாதவங்க வீட்டுலயோ வேலை இடத்துலயோ ஒரே ஒரு ஆளைப் பிடிச்சாப் போதும். வாரம் ஒரு கதை, ரெண்டு பேரும் அதே கதை, வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல அஞ்சு நிமிஷம் பேசுங்க. எந்த இடம் பிடிச்சுதுன்னு ஆளுக்கு ஒரு இடம் சொன்னாப் போதும், ரெண்டு பேரும் வேற வேற இடத்தைச் சொன்னா அந்தக் கதையை இன்னொரு தடவை படிக்கக் காரணம் கிடைச்சிடுச்சு. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைங்க வீட்டுல இருந்தா அவங்களையே அந்த ஆளா வச்சுக்கலாம், அழகிரிசாமி கதைல ஆரம்பிங்க, அதுல வர்றது பூரா பிள்ளைங்கதான். நீங்க ஒரு பக்கம் வாய்விட்டுப் படிச்சா அடுத்த பக்கத்தை அவங்க படிக்கட்டும், தப்பா வாசிச்சாலும் நடுவுல நிறுத்தித் திருத்தாதீங்க, கதை முடியட்டும்.